14-ஆம் மாடியும் ஒரு கடற்கழுகும்: பாக்கெட் கேமராவா, பெரிய ஜூமா?

குளுகோர்14 · திங்கள், இரவு 10.20

வணக்கம். பினாங்கு குளுகோரில், கடலைப் பார்த்த அடுக்குமாடியில் 14-ஆம் மாடியில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் மாறி மாறி வரும். பத்து வருடம் உழைத்த என் சின்னக் கேமரா போன மாதம் நின்றுவிட்டது. லென்ஸ் பாதி வெளியே வந்து, அதற்கு மேல் வெளியேயும் வராமல் உள்ளேயும் போகாமல் அப்படியே கிடக்கிறது. வேறொன்று வாங்க 3000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறேன். பழசாக இருந்தாலும் பரவாயில்லை.

எடுக்க ஆசைப்படுவது இரண்டு. ஒன்று, எங்கள் பால்கனிக்கு எதிரே பறக்கும் கடற்கழுகு. வெள்ளைத் தலை, வெள்ளை வயிறு, சாம்பல் இறக்கை. பாலத்துப் பக்கமிருந்து வந்து மீன்பிடிப் படகுகளுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஜெரெஜாக் தீவுப் பக்கம் போய்விடும். போனில் எடுத்தால் வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளிதான். இரண்டாவது, தைப்பூசத்துக்கு முதல் நாள் தேர். விடியும் முன்னே பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து புறப்படுவதிலிருந்து ராத்திரி தண்ணீர்மலைக் கோயில் போய்ச் சேரும்வரை அம்மாவும் நானும் கூடவே நடப்போம்.

மனதில் இருப்பவை: சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் ஏதாவது ஒன்று, அல்லது நிக்கான் பி950. முதலாவது சட்டைப்பையில் போகும். இரண்டாவது ஒரு கிலோ. எனக்கு வலது மணிக்கட்டில் நரம்பு வலி உண்டு, கனமானதை நெடுநேரம் பிடிக்க முடியாது. எதை வாங்க?

செந்தூல்காரன் · திங்கள், இரவு 10.55

அக்கா, பாக்கெட் கேமராவையே வாங்குங்கள். மணிக்கட்டு வலி என்று நீங்களே சொல்லிவிட்ட பிறகு ஒரு கிலோவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

2016-இல் நான் நிக்கான் பி900, அதாவது பி950-க்கு முந்தைய மாடல், வாங்கினேன். 83 மடங்கு ஜூம், நிலாவின் பள்ளமெல்லாம் தெரியும். அந்த ஆசையில்தான் வாங்கினேன். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குக் கொண்டு போனேன். 272 படி ஏறும்போது கூட்டம் எப்படி நெருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். காவடி எடுத்தவர் என் இரண்டு கை தூரத்தில் நிற்கிறார். அங்கே 83 மடங்கு எதற்கு? கழுத்துப் பட்டை தோளை அறுத்தது. முன்னால் நின்ற பிள்ளையின் தலையில் லென்ஸ் இடித்துவிடுமோ என்று கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே ஏறினேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால், குகைக்குள் எடுத்த அத்தனை முகமும் மெழுகு பூசினாற்போல இருந்தது. வெளிச்சம் போதவில்லை, கேமரா ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் அளவை) ஏற்றி, அதனால் வந்த இரைச்சலை (படத்தில் விழும் பொடிப் புள்ளிகளை) வழித்துவிட்டது.

அதை விற்று ஆர்எக்ஸ்100 மார்க் 3 வாங்கினேன். 24-70 மி.மீ. (எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), எஃப் 1.8-2.8 (எண் குறைந்தால் அதிக வெளிச்சம் நுழையும்), 290 கிராம். எல்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும்போதும் பையில் இருக்கும், மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுகிறவரையும் எடுப்பேன். பி900 என்னிடம் இருந்த ஒரு வருடத்தில் எடுத்ததை விட இதில் முதல் இரண்டு மாதத்தில் எடுத்தது அதிகம்.

இருவாச்சி · செவ்வாய், காலை 6.40

தம்பி சொல்வதில் பத்துமலைக் கதை சரி. ஆனால் தங்கச்சி முதலில் கேட்டது கழுகை. அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. நான் இருபது வருடமாகப் பறவை பார்க்கிறவன், பினாங்கிலேயே இருக்கிறேன், என்னிடம் பி950 இருக்கிறது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கேமராக்காரர்கள் சொல்லும் 200 மி.மீ., 2000 மி.மீ. எல்லாம் 36 மி.மீ. அகலப் பிலிமுக்கு ஈடான எண். ஆகவே தூரத்தை 36 ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் விழும் என்று தெரிந்துவிடும். உங்கள் கழுகு 150 மீட்டரில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஆர்எக்ஸ்100 மார்க் 7-இல் அதிகபட்சம் 200 மி.மீ. படத்தில் 27 மீட்டர் அகலம் விழும். இந்தக் கடற்கழுகு இறக்கை விரித்தால் ஏறக்குறைய 2 மீட்டர். அதாவது படத்தின் அகலத்தில் பதிமூன்றில் ஒரு பங்கு. வெட்டி எடுத்தால் 400 பிக்சல் அகலம் மிஞ்சும். செந்தூல் தம்பியின் 70 மி.மீ.யில் 77 மீட்டர் அகலம் விழும். கழுகுக்கு 140 பிக்சல். பி950-இல் 2000 மி.மீ. வைத்தால் 2.7 மீட்டர்தான் விழும். கழுகு படத்தின் முக்கால்வாசியை நிறைத்துவிடும். கண்ணின் நிறம் தெரியும்.

பறவையை நாம் கூப்பிட்டால் வராது. 14-ஆம் மாடியிலிருந்து ஓரடி முன்னே போகவும் வழியில்லை. லென்ஸ்தான் போக வேண்டும்.

செந்தூல்காரன் · செவ்வாய், காலை 8.05

ஐயா, கணக்கு சரிதான். ஆனால் 2.7 மீட்டர் அகலத்துக்குள் பறக்கும் பறவையை வைத்திருக்க முடியுமா? நான் முயன்றிருக்கிறேன். பருந்தைத் தேடி வெறும் நீலத்தையே பத்து நிமிடம் பார்த்திருக்கிறேன்.

இருவாச்சி · செவ்வாய், காலை 8.30

முடியும், பழக வேண்டும். முதலில் 300, 400 மி.மீ.யில் பறவையைப் பிடித்துக்கொண்டு பிறகு ஜூமை நீட்ட வேண்டும். நழுவிவிட்டால் லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்தால் ஜூம் சட்டென்று பின்வாங்கும், பறவையைக் கண்டதும் விட்டால் பழைய இடத்துக்கே போகும். பி900-இலும் அது இருந்தது தம்பி. பறக்கும் கழுகுக்கு நான் 2000 வரை போவதே இல்லை; 1000, 1200 போதும். கிளையில் உட்கார்ந்திருந்தால்தான் 2000.

ஒளிமானி · செவ்வாய், மதியம் 1.15

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பாதி சொல்கிறீர்கள், நடுவில் வெளிச்சத்தின் கதை விட்டுப்போகிறது.

சென்சார் என்பது கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சில்லு. ஆர்எக்ஸ்100-இல் இருப்பது 1 அங்குல சென்சார், ஆனால் அதில் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் கிடையாது. பழைய டிவி கேமராக் குழாய்களை அவற்றின் வெளி விட்டத்தால் குறிப்பிட்ட வழக்கம் அப்படியே தங்கிவிட்டது. உண்மையான அளவு 13.2 x 8.8 மி.மீ. பி900, பி950, பி1000, கேனன் எஸ்எக்ஸ்70 போன்ற பெரிய ஜூம் கேமராக்களில் இருப்பது 1/2.3 அங்குலம்: ஏறக்குறைய 6.2 x 4.6 மி.மீ. பரப்பைக் கணக்குப் பார்த்தால் 116-க்கு 28. நான்கில் ஒரு பங்கு.

பெரிய ஜூம் சாத்தியமாவதே இந்தச் சின்னச் சென்சாரால்தான். பி950-இன் 2000 மி.மீ. நிஜத்தில் 357 மி.மீ. லென்ஸ். எஃப் 6.5 என்றால் ஒளி நுழையும் வாய் 55 மி.மீ. இதே 2000-ஐ 1 அங்குலச் சென்சாருக்குச் செய்தால் லென்ஸ் 740 மி.மீ.க்கு மேல் வேண்டும், வாய் 114 மி.மீ. ஆகும். ஒரு சின்னத் தட்டு அளவு. அதை யார் தூக்குவது? ஆகவே நீளமும் வேண்டும், பெரிய சென்சாரும் வேண்டும், கையிலும் அடங்க வேண்டும் என்றால் மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

இப்போது கழுகுக்கு வருவோம். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1000 நொடியிலோ அதைவிட வேகமாகவோ திறந்து மூட வேண்டும். எஃப் 6.5-இல் நல்ல வெயில் அடித்தால் ஐஎஸ்ஓ 200-இலேயே அது கிடைக்கும். சின்னச் சென்சாருக்கு 200 சுகமான எண். மேகம் மூடினால் 800, 1600 வரை போக வேண்டும்; இறகின் நுணுக்கம் கரையத் தொடங்கும். மாலை 6.30-க்கு மேல் விட்டுவிடலாம்.

தேருக்கு வருவோம். விளக்கு வெளிச்சத்தில் ஆர்எக்ஸ்100 மார்க் 3-இன் எஃப் 1.8-ஐயும் பி950-இன் எஃப் 2.8-ஐயும் ஒப்பிட்டால், லென்ஸில் இரண்டரை மடங்கு, சென்சாரில் நான்கு மடங்கு. பெருக்கினால் பாக்கெட் கேமரா பத்து மடங்கு வெளிச்சம் சேர்க்கிறது. செந்தூல்காரன் சொன்ன மெழுகு முகத்துக்குக் காரணம் இதுதான். ஆனால் மார்க் 7 வாங்கினால் அதன் லென்ஸும் எஃப் 2.8-இல்தான் தொடங்குகிறது, அப்போது லாபம் நான்கு மடங்கு மட்டுமே. ஆர்எக்ஸ்100 என்ற ஒரே பெயரில் ஏழு கேமராக்கள் இருக்கின்றன. எந்த மார்க் என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

மாலைக்காற்று · செவ்வாய், மாலை 6.50

தேரை எடுக்க மொபைல் போனே போதுமே?

ஒளிமானி · செவ்வாய், இரவு 7.30

இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நல்ல போன் இருந்தால், பத்தடிக்குள் இருக்கும் விஷயத்துக்கு, 24-இலிருந்து 70 மி.மீ. வரைக்கும், 1 அங்குலப் பாக்கெட் கேமராவுக்கும் போனுக்கும் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. போன் சில படங்களை நொடிக்குள் எடுத்து ஒன்றாக அடுக்கி இரைச்சலைக் குறைக்கிறது. முகம் அசைந்தால் சறுக்கும். ஆனாலும் பார்க்கத் தகுந்த படம் வரும். தொலைவில் இருப்பதற்குத்தான் போனிடம் பதில் கிடையாது.

குளுகோர்14, ஒரு வேலை செய்யுங்கள். போன தைப்பூசத்தில் போனில் எடுத்த படங்களை எடுத்துப் பாருங்கள். எத்தனையில் ஜூம் பண்ணினீர்கள்? எத்தனை படம் வெளிச்சக் குறையால் கெட்டது? அதை எண்ணிவிட்டு வாருங்கள்.

நடைப்படம் · செவ்வாய், இரவு 9.10

நடுவில் ஒரு வழி உண்டு. நான் ஜார்ஜ்டவுனில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்து படம் எடுக்கிறேன். என்னிடம் பானசோனிக் டீஸெட்200. 1 அங்குலச் சென்சார், 24-360 மி.மீ., 340 கிராம், கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டரும் உண்டு. ஆர்மேனியன் ஸ்திரீட்டில் சைக்கிள் சுவரோவியத்தின் முன்னால் வரிசை கட்டி நிற்கும் கூட்டத்தையும் எடுக்கலாம், எதிர்க் கூரையின் ஓட்டில் உட்கார்ந்த மைனாவையும் எடுக்கலாம். 360-இல் எஃப் 6.4 ஆகிவிடும், அது ஒரு குறை.

சிலர் கேனன் எஸ்எக்ஸ்740-ஐச் சொல்வார்கள். 300 கிராமில் 960 மி.மீ.! கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வ்யூஃபைண்டர் கிடையாது. பால்கனி வெயிலில் திரை கண்ணுக்கே தெரியாது, கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு 960 மி.மீ.யில் பறக்கும் பறவையைத் தேடுவது பெரும்பாடு. நண்பரிடம் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அக்கா, சனிக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவுக்கு வந்தால் என் கேமராவைக் கையில் தருகிறேன். எடுத்துப் பாருங்கள்.

இருவாச்சி · புதன், காலை 6.30

நல்ல யோசனை. தங்கச்சி, நானும் என் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கம் உறவினர் வீட்டுக்கு வருகிறோம். அம்மா வீட்டில் இருந்தால் பி950-ஐக் கொண்டு வருகிறேன். உங்கள் பால்கனியிலேயே பார்த்துவிடலாம்.

ஒன்று கேட்க மறந்தேன். குளுகோரில் கடலைப் பார்த்த பால்கனி என்றால் கிழக்கு முகம். காலையில் சூரியன் உங்களுக்கு எதிரே, பறவைக்குப் பின்னால் இருக்கும். எந்தக் கேமராவில் எடுத்தாலும் கழுகு கறுப்பாகத்தான் விழும். போனில் கறுப்புப் புள்ளி என்றீர்களே, எந்த நேரத்தில் எடுத்தது?

குளுகோர்14 · புதன், இரவு 11.45

ஐயா, எல்லாமே காலை 8 மணிக்கு முன்னால் எடுத்தவை! ஷிப்ட் முடிந்து வந்து, படுக்கும் முன்னால் பால்கனியில் நிற்கும்போது எடுப்பேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. மாலையிலும் பறக்கிறதா என்று இனிமேல் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள், அம்மா சந்தோஷப்படுவார்.

ஒளிமானி அக்கா சொன்னபடி எண்ணினேன். தைப்பூசப் படங்கள் 212. ஜூம் பண்ணியது ஒன்பதே ஒன்பது. மீதியெல்லாம் தேருக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்தவை: தேங்காய் உடைக்கிறவர்கள், தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றும் பிள்ளைகள், அம்மா அர்ச்சனைத் தட்டை மேலே நீட்டும் கை. இருட்டால் கெட்டவை முப்பது இருக்கும், பெரும்பாலும் அசைந்ததால் கெட்டவை. வருத்தப்படும் அளவுக்கு இல்லை. கழுகுப் படங்கள் 96. ஒன்றுகூட வைத்துக்கொள்ளத் தகுந்ததில்லை.

பழுதுமேசை · வியாழன், மதியம் 12.40

இருபத்தைந்து வருடமாகக் கேமரா பழுது பார்க்கிறேன், முதலில் ஈப்போவில், இப்போது கோலாலம்பூரில். எதை வாங்கினாலும் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் பழைய கேமராவுக்கு வந்தது எங்கள் மேசைக்கு அதிகமாக வரும் நோய். பாக்கெட் கேமராவின் லென்ஸ் மூன்று குழாய்களாக ஒன்றுக்குள் ஒன்று மடங்கி உட்காரும். பையில் இருக்கும் மணல், துணித் தூசு, சில்லறைக் காசின் அழுக்கு எல்லாம் அந்த இடுக்கில் ஏறும். ஒரு நாள் பல் சக்கரம் திணறி நின்றுவிடும். அல்லது உள்ளே மடங்கி நிமிரும் மெல்லிய பட்டைக் கம்பி அறுந்துவிடும். பாக்கெட்டில் போடலாம் என்பதற்காகவே வாங்குகிறோம், அந்தப் பாக்கெட்தான் அதைக் கொல்கிறது. சின்ன உறை ஒன்று போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஜூம் நீளும்போது கேமரா காற்றை உள்ளே இழுக்கும், மடங்கும்போது வெளியே தள்ளும். சைக்கிள் பம்பு மாதிரி. அந்தக் காற்றோடு தூசி போய் சென்சாரில் உட்கார்ந்தால், லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் முழுவதையும் பிரித்துத்தான் துடைக்க முடியும். கூலி, பழைய கேமராவின் விலையில் பாதிக்கு வந்து நிற்கும். இது சின்னது பெரியது இரண்டுக்கும் பொருந்தும்.

அப்புறம் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில், அதிலும் கடலைப் பார்த்த 14-ஆம் மாடியில், கேமராவைத் தோல் பைக்குள் அலமாரியில் வைத்தால் ஒரே வருடத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படரும். கண்ணாடி மேல் பூச்சைத் தின்ற பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. மின்சார அலமாரி வாங்க வேண்டியதில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரமானி. 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும்.

பழசு வாங்கும்போது: போன் டார்ச்சை லென்ஸின் முன்னே சாய்த்துப் பிடித்து உள்ளே பாருங்கள். ஜூமை முழுக்க நீட்டி மடக்கிக் காதை வைத்துக் கேளுங்கள்; அரைக்கும் சத்தம் வந்தால் வேண்டாம். வானத்தை எடுத்து, எஃப் எண்ணைக் கூட்டி இன்னொன்று எடுங்கள். ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி நின்றால் உள்ளே தூசி. வாரண்டி அட்டையில் மலேசிய விநியோகஸ்தர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் ஒருவர் புதுப் பெட்டியோடு வந்தார், விற்றவர் வாரண்டி உண்டு என்று சொல்லியிருக்கிறார். அது வேறு நாட்டுக்கு வந்த கிரே செட், இங்கே விநியோகஸ்தர் வழியாக வராதது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

குளுகோர்14 · ஞாயிறு, இரவு 9.30

இரண்டு நாளில் இரண்டு கேமராவையும் தொட்டுப் பார்த்துவிட்டேன். உதவிய இருவருக்கும் நன்றி சொல்லி மாளாது.

சனிக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில், பினாங்கு ஸ்திரீட்டில் டீஸெட்200. ஒரு கையில் அடங்கிவிட்டது, மணிக்கட்டுக்கு எதுவும் தெரியவில்லை. பூக்கடை அம்மா சாமந்தி தொடுக்கும் விரலை 100 மி.மீ. போல நீட்டி எடுத்தேன். நாரை இழுக்கும்போது கட்டைவிரல் நகத்தில் ஒட்டிய மஞ்சள் இதழ்த் துண்டுகூடத் தெரிகிறது. அதே படத்தைப் போனிலும் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் கேமராப் படம் உயர்த்தி. அம்மாவிடம் காட்டினேன், எது எதில் எடுத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐயா பி950 கொண்டு வந்தார். கையில் வாங்கியதும் பயமாகத்தான் இருந்தது. நின்றுகொண்டு பிடித்தேன், இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு குடையத் தொடங்கியது. ஐயா பால்கனிக் கம்பி மேல் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் லென்ஸை வைக்கச் சொன்னார். பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையால் பொத்தானை மட்டும் தொட்டேன். கனம் முழுவதும் கம்பிக்குப் போய்விட்டது. மேலே சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி ஒன்றை மாட்டிக் கொடுத்தார். இரண்டு கண்ணும் திறந்திருக்க, புள்ளியைப் பறவை மேல் வைத்தால் போதும், படத்துக்குள் பறவை இருக்கும்.

நாலே கால் மணிக்கு வந்தது. முதலில் பதற்றத்தில் வெறும் கடல்தான் எடுத்தேன். இரண்டாவது சுற்றில் பிடித்தேன். பொத்தானை அழுத்தியபடியே இருந்தேன்; பத்துப் படம் எடுத்துவிட்டு கேமரா நின்று யோசித்தது, அதற்குள் கழுகு திரும்பிவிட்டது. அந்தப் பத்தில் இரண்டு கூர்மையாக இருக்கின்றன. மூன்று வருடமாகப் பார்க்கிறேன், அதன் அலகு இவ்வளவு வளைந்தது என்று எனக்குத் தெரியாது. கண் கருமை.

செந்தூல்காரன் · ஞாயிறு, இரவு 10.15

அக்கா, படித்ததும் சந்தோஷமாக இருக்கிறது. ஆனாலும் என் கவலையைச் சொல்லிவிடுகிறேன். தேருக்கு இதைக் கொண்டு போகவே முடியாது. 3000 வெள்ளியும் இதிலேயே போய்விடும். வருடத்தில் ஒரு நாள் வரும் தைப்பூசத்தில், தேர் மேல் நிற்கும் குருக்களின் முகத்தில் தீப வெளிச்சம் படும் அந்த நொடியை போன் தவறவிடும். அசைகிற முகம் அது. நான் பத்துமலையில் இழந்தது அதைத்தான்.

குளுகோர்14 · ஞாயிறு, இரவு 10.50

தம்பி, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் தேரில் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். அவருக்கு முட்டி வலி. இன்னொரு கையில் போன் இருந்தாலே பெரிய விஷயம். நல்ல கேமரா இருந்தாலும் அங்கே நான் நின்று எடுக்கப்போவதில்லை என்று அந்த 212 படத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

எடையைப் பற்றித்தான் ஒரு வாரமாகப் பயந்தேன். இந்தக் கேமரா வீட்டை விட்டு வெளியே போகவே போகாது. பெட்டியிலிருந்து பால்கனிக்கு ஆறு அடி. அதற்கு ஒரு கிலோ ஒரு தடையில்லை.

ஒளிமானி · திங்கள், காலை 7.20

அப்படியானால் பி950-ஐயே வாங்குங்கள். வெளியே தூக்கிப் போகப் போகிறவராக இருந்திருந்தால் பானசோனிக் எஃப்ஸெட்1000-ஐச் சொல்லியிருப்பேன்: 1 அங்குலச் சென்சார், 25-400 மி.மீ., எஃப் 2.8-4. தேருக்கும் ஆகும், கழுகுக்கும் ஓரளவு ஆகும். 400-இல் உங்கள் கழுகுக்கு 800 பிக்சல் கிடைக்கும். ஆனால் அதுவும் 830 கிராம். சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 இன்னும் நல்லது, 600 மி.மீ. வரை போகும், ஆனால் பழசுகூட உங்கள் கணக்கில் அடங்காது.

பி1000 பக்கம் மனம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 3000 மி.மீ. என்றாலும் 1.4 கிலோ, எஃப் 8. உங்கள் தூரத்துக்குக் கழுகின் இறக்கை நுனி படத்துக்கு வெளியே போய்விடும். அதோடு, கடலுக்கு மேல் மதிய வெயிலில் காற்று நெளியும். 2000-க்கு மேல் நீட்டினால் அந்த நெளிவைத்தான் பெரிதாக்குவோம்.

பழுதுமேசை · திங்கள், மதியம் 1.05

ராத்திரி ஷிப்ட் முடித்து ஏர்கான் போட்டுத் தூங்குவீர்கள் என்று நினைக்கிறேன். கேமராப் பெட்டியை அந்த அறையில் வைக்காதீர்கள். குளிர்ந்த கேமராவை நேரே பால்கனிக்குக் கொண்டு போனால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும், உள்ளேயும் ஈரம் கட்டும். துணியால் துடைத்தால் இன்னும் மோசம். பெட்டி கூடத்தில் இருக்கட்டும். எப்போதாவது குளிர் அறையில் வைத்துவிட்டால், மூடிய பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

குளுகோர்14 · சனி, மாலை 5.40 (இரண்டு வாரம் கழித்து)

பட்டர்வொர்த்தில் ஒருவரிடம் பழைய பி950 கிடைத்தது. ஃபெரியில் போய் வாங்கி வந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், ஜூம் சத்தம் கேட்டேன், வானத்தை எடுத்துப் பார்த்தேன். மலேசிய வாரண்டி அட்டை, முத்திரையோடு இருந்தது. மீதிப் பணத்தில் மூடி இறுகும் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரமானி. இப்போது 46 காட்டுகிறது.

இன்று பகல் தூங்கி மூன்று மணிக்கு எழுந்தேன். பெட்டி கூடத்தில்தான் இருந்தது, ஆனாலும் பையோடு பால்கனி நாற்காலியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அம்மாவுக்குத் தேநீர் போட்டேன். நாலு நாற்பதுக்குக் கழுகு பாலத்துப் பக்கமிருந்து வந்தது. சூரியன் கட்டடத்துக்குப் பின்னால், பறவையின் வயிறு முழுக்க வெளிச்சம். 1000 மி.மீ.யில் நிறுத்திக்கொண்டேன். ஒரு படகுக்கு அப்பால் தண்ணீரைத் தொட்டு எழுந்தது. காலில் ஒரு மீன், தலை முன்பக்கமாக இருக்க, வால் மேலே வளைந்திருந்தது.

இருவாச்சி · சனி, மாலை 6.10

ஷட்டர் எவ்வளவு வைத்தீர்கள்?

குளுகோர்14 · சனி, மாலை 6.25

1/1250, ஐஎஸ்ஓ 400, ஐயா. ஷிப்ட் பஸ் கீழே வந்துவிட்டது. காலையில் வந்ததும் படத்தை ஏற்றுகிறேன்.